ஒரு படம், பல இடைவேளை

ஒரே படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விட்டால் எப்படி இருக்கும், நேயர்களே? ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டுப் படம் காட்டிய அந்நாளைய டூரிங் டாக்கீஸில் அது சர்வ சாதாரணம்!

பெரும்பாலான கொட்டகைகளில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு படச்சுருள் ஓடி முடிந்ததும், அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். உடனே முறுக்கும் சோடாவும் விற்கும் பையன்கள் தரை டிக்கெட் கூட்டத்துக்குள் புகுந்துவிடுவார்கள். மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் நடந்த சண்டை தீர்வதும் அப்போதுதான்.

இப்படி ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியவர்களில் முன்னோடி, திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கியவர், நிலையான வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். என்ன துணிச்சல்!