பஸ் வண்டியே வீடாக வாழ்ந்த இசை நங்கையர்

அமெரிக்காவின் தென் பகுதியிலே, மிசிசிப்பி மாநிலத் தலைநகராகிய ஜாக்சனுக்கு ஏறக்குறைய 20 மைல் தெற்கே, பைனி வூட்ஸ் என்னும் கிராமப் பாடசாலை இருக்கின்றது. கறுப்பினத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் நோக்குடன் லோரன்ஸ் ஜோன்ஸ் என்பவர் 1909ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். கட்டணம் செலுத்தும் வசதி பலருக்கு இல்லை. ஆகவே மாணவியரைக் கொண்ட பாடற்குழுக்களை ஊரூராக அனுப்பிப் பாடசாலைக்கு நிதி திரட்டுவது அவரது வழக்கமாயிற்று. 1937ஆம் ஆண்டில் அவருக்குப் புதியதோர் எண்ணம் பிறந்தது. பாடுவதற்குப் பதிலாக, மாணவியரே ஜாஸ் வாத்தியங்களை இசைத்தால் என்ன?

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த இசை. எழுதிவைத்த மெட்டு ஒன்று அதில் இருக்கும். ஆயினும் ஒவ்வொரு கலைஞரும் தம் முறை வரும்போது எழுந்து நின்று, அம்மெட்டைத் தம் கற்பனைக்கேற்ப விரித்து வாசிப்பர். நம்மவர் மனோதர்மம் என்று சொல்வதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். அந்நாளில் ஜாஸ் குழுவில் ஒரு பெண் பாடலாம், பியானோ வாசிக்கலாம். ட்றம்பெட் ஊதுவதும் முரசு அறைவதும் ஆண்மக்களுக்கே உரியன என்பது பலரது எண்ணம். பைனி வூட்ஸ் மாணவியரோ இவை யாவற்றையும் கற்றனர். போலின் பிராடி முரசின் முன் அமர்ந்தார். ஜோன்ஸ் அவர்களின் வளர்ப்பு மகள் ஹெலன், ட்ரொம்போன் என்னும் நீண்ட குழலைக் கையிலெடுத்தார். வில்லி மே வோங், சீனத் தந்தையின் மகள். அவர் வாசித்தது சக்சபோன். வெவ்வேறு இனங்களின் வழிவந்த பெண்கள் சேர்ந்திருந்தமையால் குழுவின் பெயரிலே 'இன்ரர்நஷனல்' என்ற சொல்லும் இடம்பெற்றது. 'இன்ரர்நஷனல் ஸ்வீற்ஹார்ட்ஸ் ஒவ் றிதம்' என்பது முழுப் பெயர்.

நிதி சேர்ந்தது. ஆனால் அதனைத் தேடிக்கொடுத்த பெண்களுக்குக் கிடைத்தது என்ன? உணவுக்கு நாளொன்றுக்கு 1 டொலர், கைச்செலவுக்கு வாரமொன்றுக்கு 1 டொலர். ஆக வாரத்திற்கு 8 டொலர். பாடசாலையின் நோக்கம் உயர்ந்ததே. எனினும் அதன் பாரத்தைப் பெரும்பாலும் இளம் பெண்களின் தோள்மீது ஏற்றியதை எம்மால் மெச்ச இயலவில்லை. 1941ஆம் ஆண்டில் குழுவினர் பாடசாலையை விட்டு விலகி, வேர்ஜினியா மாநிலத்து ஆர்லிங்டனைத் தம் இருப்பிடமாக்கினர். அதே ஆண்டில் வாஷிங்டன் நகரின் ஹோவார்ட் அரங்கில் ஒரே வாரத்தில் 35,000 பேர் அவர்களது இசையைக் கேட்க வந்தனர். அன்னா மே வின்பேர்ன் தலைமை ஏற்றார். டைனி டேவிசின் ட்றம்பெட்டும் வை பேர்ன்சைட்டின் சக்சபோனும் குழுவின் இரு தூண்களாயின. பெண்கள் என்பதற்காகச் சலுகை காட்டிக் கேட்க வேண்டிய இசையன்று அது.

1943ஆம் ஆண்டளவில் வெள்ளையினப் பெண்கள் சிலரும் குழுவிற் சேர்ந்தனர். அத்துடன் புதியதொரு துன்பமும் சேர்ந்தது. தென் மாநிலங்களின் சட்டங்கள் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக இருந்து உண்பதற்கும் ஒரே விடுதியில் தங்குவதற்கும் தடை விதித்திருந்தன. ஆகவே குழுவின் பஸ் வண்டியே வீடாயிற்று. அதிலேயே படுக்கைகள், அதிலேயே உணவு. மேடையில் ஆயிரவர் கைதட்டுவர். இறங்கி வந்தாலோ ஒரு கோப்பை கோப்பி அருந்துவதற்கும் கடை தேட வேண்டும்.

மசசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து வந்தவர் ரொஸ் குரோன் என்னும் யூதப் பெண். தென் மாநிலங்களில் மேடையேறும்போது, பொலிசார் கண்டுகொள்ளாதிருக்க, முகத்தில் கருநிறப் பூச்சைப் பூசிக்கொள்வார். மேடை விளக்கின் வெப்பத்தில் அப்பூச்சு செம்மஞ்சளாக மாறிவிடுமாம்! சிரிப்பதற்குரிய செய்தியன்று இது. 1944ஆம் ஆண்டில் ரெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரிலே, கறுப்பினப் போர்வீரர் ஒருவருடன் காணப்பட்டதற்காக அவரைப் பிடித்து ஓரிரவு சிறையில் வைத்தனர். தாம் கலப்பினத்தவர் என்று அவர் எவ்வளவோ சொல்லியும், அவரிடமிருந்த பெற்றோரின் புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

கடல் கடந்திருந்த கறுப்பினப் போர்வீரர்கள் இக்குழுவைக் கேட்க விரும்பிக் கடிதங்கள் எழுதினர். அதன் பயனாக 1945ஆம் ஆண்டில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் போர்வீரர் முன்னிலையில் கச்சேரிகள் நடந்தன. அதுவே உச்சம். திரும்பி வந்தபின் சிலர் மணம் புரிந்து விலகினர். சிலர் களைத்துப் போயினர். 1949ஆம் ஆண்டில் குழு கலைந்தது.

ஹெலனின் கதையை இங்கே கூறாமல் விட மனம் வரவில்லை. பின்னர் அவர் ஒமாகா நகரின் சிம்பொனி இசைக்குழுவில் தேர்வு பெற்றார். முதற் கச்சேரி முடிந்ததும் அவரை அழைத்துச் செல்லத் தந்தையார் வந்தார். தந்தையாரின் நிறத்தைக் கண்டபின்னரே ஹெலனும் கறுப்பினத்தவர் என்பது நிருவாகத்தினருக்குத் தெரிந்தது. வேலை போயிற்று. ஹெலன் ட்ரொம்போனைக் கைவிட்டுத் தாதியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 2020ஆம் ஆண்டில், தம் 96ஆவது வயதில், கொரோனா நோயினால் காலமானார்.

ஜாஸ் வரலாறு எழுதிய ஆடவர் பலர் இக்குழுவுக்கு ஒரு பந்தி கூட ஒதுக்கவில்லை. மறந்தவர்களை நினைவூட்டியது ஓர் இசை விழா. கான்சஸ் சிற்றி நகரில் கரோல் கோமர், டயான் கிரெக் என்னும் இரு பெண்மணிகள் 1978ஆம் ஆண்டில் மாதர் ஜாஸ் விழாவொன்றைத் தொடங்கினர். பெண்கள் வாசித்தால் கேட்க வருவார் உண்டா என்ற ஐயத்தை அவ்விழா போக்கிற்று. 1980ஆம் ஆண்டில் நடந்த மூன்றாவது விழாவுக்கு 'ஸ்வீற்ஹார்ட்ஸ்' குழுவினரைத் தேடிப்பிடித்து அழைத்தனர். நாடெங்கும் சிதறியிருந்தவர்கள், நரைத்த தலையுடன், 31 ஆண்டுகளின் பின் ஒன்றுகூடினர். பியானோக் கலைஞர் மரியன் மக்பார்ட்லண்ட் இதற்குப் பெரிதும் துணைநின்றார்.

1984ஆம் ஆண்டில் அவர்களது பழைய ஒலிப்பதிவுகள் இசைத்தட்டாக வெளிவந்தன. 1986ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படமும் வந்தது. அப்பதிவுகளிற் பல, போர்வீரருக்கான வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பானவை. அவற்றுள் 'வை விகர்' என்பதை எம் வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வை பேர்ன்சைட்டின் பெயரையே தாங்கிய உருப்படி அது. சக்சபோன் ஊதுபவரும் அவரே.