கடற்பன்றியும் கடற்கன்னியும்: மன்னார்க் கடலின் ஒரு விலங்கும் அதன் தொன்மமும்

முன்னுரை

நாட்டார் மரபில் வரும் புனைவுயிர்கள் உண்மையான விலங்குகளிலிருந்து தோன்றியவையா என்னும் வினா பழமையானது. ஒவ்வொரு புனைவுயிருக்கும் ஒரு விலங்கைத் தேடிப் பொருத்துவதே பெரும்பாலும் இதற்கு விடையாகக் கொள்ளப்படுகிறது. கடற்கன்னிக்கு அவ்வாறு பொருத்தப்படுவது, மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் கடற்பசு ஆகும். இப்பொருத்தம் யாருடைய பார்வையில் நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விலங்கு

கடற்பசு ஏறத்தாழ மூன்று மீற்றர் வரை வளரும் பாலூட்டி. கடற்புல்லே அதன் உணவு. மூச்செடுப்பதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேற்பரப்புக்கு வரும். ஒரு தடவையில் பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும். முலைக்காம்புகள் முன்துடுப்புகளின் அடியில் அமைந்துள்ளன. தாய் ஒரு துடுப்பால் கன்றை அணைத்து, தலையை நீருக்குமேல் நிறுத்திப் பாலூட்டும் தோற்றமே கடற்கன்னிக் கதைக்கு அடிப்படையாகலாம் என, இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் எமேர்சன் ரெனன்ற் விளக்கினார். ஆனால் கடற்பசு நீருக்கடியில், கிடைநிலையில் இருந்தே பாலூட்டுகிறது. விளக்கம் விலங்கிலிருந்து எழவில்லை. முன்பே மனத்தில் இருந்த ஓர் உருவத்திற்கேற்ப விலங்கு நிமிர்த்தப்பட்டது.

2. 1560ஆம் ஆண்டுக் குறிப்பு

1560இல் மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு 'கடல் மனிதர்' பிடிபட்டனர் என்றும், போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மருத்துவரான டீமாஸ் பொஸ்க் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் மனிதரை ஒத்திருப்பதாகக் கண்டார் என்றும் இயேசு சபை வரலாறு கூறுகிறது. சான்றாக நின்றவர்களுள் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரும் ஒருவர் எனப் பிற்கால நூல்கள் குறிக்கின்றன. 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலைத் தந்தவர் அவரே. பொஸ்க் கற்றறிந்த மருத்துவர். கார்சியா த ஓர்த்தாவின் 1563ஆம் ஆண்டு மூலிகை நூலிற்கு முன்னுரை எழுதியவர். எனவே இக்குறிப்பை அறியாமையின் விளைவு என ஒதுக்கிவிட இயலாது. ஐரோப்பிய மரபில் கடற்கன்னிக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. மன்னாரில் கண்ட விலங்கு அவ்விடத்தில் வைக்கப்பட்டது. வலையில் அவற்றைப் பிடித்தவர்கள் அவற்றை எப்பெயரால் அழைத்தனர் என்பது மட்டும் அக்குறிப்பில் இடம்பெறவில்லை.

3. வலைஞர் சொல்

அப்பெயர்கள் மக்கள் வழக்கில் எஞ்சியுள்ளன. இலங்கைக் கரையில் அது கடற்பன்றி. தமிழ்நாட்டுக் கரையில் ஆவுளியா, கடற்பசு. மேய்ச்சலையும் உடலமைப்பையும் இறைச்சியையும் அறிந்தோர், அவ்விலங்கை நிலத்து விலங்குகளோடு ஒப்பிட்டு இட்ட பெயர்கள் இவை. இவற்றுள் கன்னியும் இல்லை, மாயமும் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' இதற்கு இணையான சான்று. இன்று அந்நகரின் அடையாளமாகக் கடற்கன்னி உருவமே பொது இடங்களில் நிற்கிறது. ஆனால் 1848இல் ரெனன்ற் அங்குச் சென்று விசாரித்தபோது, ஒலியை எழுப்புவது மீனன்று, ஒருவகை ஊரியே என வலைஞர் கூறினர். அவ்விளக்கம் சரியா என்பது உயிரியலாளரின் வினா. வலைஞர் தந்தது தொன்மமன்று, இயற்கை விளக்கம் என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. எதிர்ச்சான்றுகள்

இவற்றைக்கொண்டு, அருகில் வாழ்வோர் தொன்மம் படைப்பதில்லை எனப் பொதுவிதி வகுத்தல் தவறாகும். சேதுவைக் கட்டும்போது அனுமன் காதல் கொள்ளும் மீன்மகள் சுவண்ணமச்சா, வான்மீகத்திலும் கம்பனிலும் இல்லை. தாய்லாந்தின் இராமகியனில் இருக்கிறாள். ஆயினும் தாய்லாந்துக் கடலிலும் கடற்பசு உண்டு.

கனடாவின் சான்று இன்னும் கூர்மையானது. 1782 மே மாதம் சுப்பீரியர் ஏரியில் மனித மேலுடல் கொண்ட ஓர் உயிரைக் கண்டதாக, வெனான் சென்-ஜெர்மன் என்னும் வணிகர் 1812இல் மொன்றியல் நீதிமன்றில் சத்தியம் செய்து கூறினார். அவர் சுட முனைந்தபோது, உடனிருந்த முதுகுடிப் பெண் அது நீரின் தெய்வம் எனத் தடுத்தார். அவ்வேரியில் கடற்பசு இனம் எதுவும் வாழ்வதில்லை. விலங்கு இல்லாத நீரிலும் தொன்மம் வாழ்கிறது.

முடிவுரை

ஆகவே கடற்பசுவிலிருந்து கடற்கன்னி பிறந்தாள் என்பதைவிட, முன்பே இருந்த கடற்கன்னிக்குக் கடற்பசு ஓர் உடலைத் தந்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும். பொருத்தத்தைச் செய்தவர் யார், அவர் விலங்கிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றார் என்பவையே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விலங்கிற்குக் காப்பிடம் கிடைத்துள்ளது. அதனை அறிந்த சொற்களுக்கு இல்லை. மன்னார், மட்டக்களப்புக் கரைகளில் மட்டுமன்றி, மொன்றியலின் ரொக்ஸ்பரோவிலும் அதனை அடுத்த புறநகர்களிலும் வாழும் ஈழத்தமிழ் முதியோரிடமிருந்தும் கடல்சார் வழக்குகளைப் பதிவுசெய்தல் உடனடித் தேவை. அச்சொற்கள் மறைந்தால், அவ்விலங்கைப் பற்றி 1560ஆம் ஆண்டுக் குறிப்பே எஞ்சும்.