தலைச்சுற்றா? காதையும் கொஞ்சம் கவனியுங்கள்!



சுபஹுக்கு எழும்புவதற்காகப் பாயில் புரண்டதும் வீடே பம்பரம் போலச் சுழல்கிறது. கொடியில் உடுப்புக் காயப்போட அண்ணாந்து பார்த்தால் கிறுதி வருகிறது. ஸுஜூதுக்குக் குனிந்தால் தலை எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணை இறுக மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டால் அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அடுத்த நாளும் இதே கதை!

இப்படி வந்தால் நமது வீடுகளில் என்ன சொல்வோம்? "பிறசர் கூடிட்டு" என்போம். "பித்தம்" என்பார் உம்மம்மா. "கண்ணூறு, ஓதிப் பாருங்க" என்பார் மாமி. மருந்துக் கடையில் ஒரு குளிசை அட்டை வாங்கி வந்து, முடியமுடிய வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவோரும் உண்டு. பிறசரை அளந்து பார்த்தால் அது சரியாகவே இருக்கும்!

மேலே சொன்ன அடையாளங்களோடு வரும் தலைச்சுற்றுக்குப் பெரும்பாலும் காரணம் பிறசருமல்ல, பித்தமுமல்ல. காதுக்குள்ளே இடம்மாறிய சில துகள்கள்தான் காரணம். குளிசையால் மாறாத அந்தத் தொல்லையை, தலையை முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதன் மூலம் சில நிமிடங்களில் தீர்த்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

காதுக்குள் ஒரு தராசு

காது கேட்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல. உட்காதில், கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே, மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றினுள் நீர் நிறைந்திருக்கிறது. தலையைத் திருப்பினால் அந்த நீர் அசையும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்ற செய்தி அந்த அசைவிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும். அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டே பின்னால் நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும்போது நாம் தள்ளாடாமல் நிற்பது இதனால்தான்.

குழாய்களுக்கு அருகில் இரு சிறு பைகள் உள்ளன. அவற்றிலே சுண்ணாம்புச் சத்தாலான மிக நுண்ணிய கற்கள் பசை போன்ற படலத்தில் பதிந்திருக்கின்றன. வெறுங் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை அவை. வயது போகப் போக, அல்லது தலையில் அடிபட்டால், இவற்றில் சில கழன்று குழாய்க்குள் புகுந்துவிடும். தலையை அசைக்கும்போது அந்தத் துகள்கள் உருண்டு நீரையும் இழுத்துச் செல்லும். தலை நின்ற பின்பும் நீர் ஓடிக்கொண்டிருப்பதால், நாம் இன்னும் சுழல்கிறோம் என்று மூளை ஏமாந்துபோகிறது. துகள்கள் அடியில் தங்கியதும் சுற்றும் நின்றுவிடுகிறது. அது ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காததன் இரகசியம் இதுவே.

ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றின்படி, நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இது வருகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடுதலாக வருகிறது.

உண்மையைத் தேடிய கதை

தலைச்சுற்றுக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு என்பதை வைத்திய உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மூளையில் இரத்தம் தேங்குவதே காரணம் என்றெண்ணி, நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வடித்த காலமும் இருந்தது. பாரிஸ் நகரில் செவிப்புலனற்றோருக்கான நிறுவனத்தில் பணியாற்றிய வைத்தியர் மெனியர், 1861இல்தான் இந்த நோய் காதிலிருந்தும் வரலாம் என்று எடுத்துக் காட்டினார்.

பின்னர் வியன்னாவில் றொபேர்ட் பாரனி என்ற வைத்தியர், நோயாளிகளின் காதைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீருக்குக் கண்மணிகள் ஒரு பக்கமாகத் துடித்தன. சூடான நீருக்கு மறுபக்கமாகத் துடித்தன. காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் வழி இப்படித்தான் பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, முதலாம் உலகப் போரில் சிறைப்பட்டு ரஷ்யாவின் கைதிகள் முகாமில் இருந்தார் அவர்!

இந்த வரலாற்றில் ஒரு சகோதரிக்கும் இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டு, சத்திரசிகிச்சை நிபுணராகும் வாய்ப்பை இழந்தவர் லண்டன் வைத்தியர் மார்கரெட் டிக்ஸ். அவர் மனம் தளரவில்லை. ஹோல்பைக் என்ற வைத்தியரோடு சேர்ந்து, நோயாளியின் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று சாய்த்துக் கண்ணின் துடிப்பைப் பார்க்கும் சோதனையை 1952இல் விளக்கினார். இன்றும் உலகமெங்கும் அந்தச் சோதனையே நடைபெறுகிறது. அதற்கு இயந்திரமும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு கட்டிலும், செய்யத் தெரிந்த வைத்தியரும் போதும்.

சிகிச்சையைக் கண்டவர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர வைத்தியர் ஜோன் எப்லி. துகள்கள் குழாய்க்குள் புகுந்தவைதானே, தலையைப் படிப்படியாகத் திருப்பினால் வந்த வழியே வெளியேறிவிடாதா என்று அவர் யோசித்தார். 1980இல் வைத்தியர் மாநாட்டில் இதை விளக்கியபோது பலர் நம்பவில்லை. குணமாகாதவர்களுக்குக் காதின் நரம்பை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்த காலம் அது. தலையைத் திருப்பினால் சுகமாகும் என்றால் யார் நம்புவார்? அவரது கட்டுரையைச் சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 1992இல்தான் அது அச்சேறியது. 2008இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் கழகம் அதைச் சிறந்த சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. 2019இல் எப்லி காலமாகும்போது அவரது முறை உலகெங்கும் பரவியிருந்தது.

எப்படிச் செய்வது?

எந்தக் காதில் கோளாறு என்பதை முதலில் வைத்தியர் சோதித்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர் கையாலேயே செய்விப்பது நல்லது. வலது காதில் என்றால் முறை இதுதான்:

1. கட்டிலில் கால்களை நீட்டி உட்காருங்கள். மல்லாந்தால் தோள்களுக்குக் கீழே வரும்படி ஒரு தலையணையை வையுங்கள். முகத்தை வலப்பக்கம் 45 பாகை (நேர்முகத்துக்கும் தோளுக்கும் நடுவே) திருப்புங்கள்.

2. முகம் திரும்பியபடியே சட்டென்று மல்லாந்து படுங்கள். தலை தோளை விடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். சுற்று வரும், பயப்படாதீர்கள். அது அடங்கிய பின்பும் 30 செக்கன் பொறுத்திருங்கள்.

3. தலையைத் தூக்காமல் அதே அளவு இடப்பக்கம் திருப்புங்கள். 30 செக்கன்.

4. இடப்பக்கமாக ஒருக்களித்துப் புரண்டு, முகம் தரையை நோக்கும்படி இருங்கள். 30 செக்கன்.

5. நாடியைத் தாழ்த்தியபடி, கால்களைக் கீழே விட்டு மெதுவாக எழுந்து உட்காருங்கள்.

இடது காதென்றால் எல்லாவற்றையும் மறுபக்கமாகச் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். கழுத்து எலும்பு நோயோ, கண்ணின் விழித்திரையில் கோளாறோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். ஆனால் ஐந்து வருடங்களுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்பவும் வரக்கூடும். வந்தால் திரும்பவும் இதே சிகிச்சைதான்.

இதே நோயால் அவதிப்பட்ட அமெரிக்கப் பெண் வைத்தியர் கரோல் ஃபொஸ்டர், முழந்தாளிட்டுத் தலையைத் தரையில் வைத்துத் திருப்பும் இன்னொரு முறையை 2012இல் வெளியிட்டார். பார்ப்பதற்கு ஸுஜூதைப் போலிருக்கும் அது. இதைக் கொண்டு "ஸுஜூது செய்தாலே இந்த நோய் மாறும்" என்று யாரும் சொல்ல வேண்டாம். அதில் தலையைத் திருப்பும் கணக்கு வேறு. சுற்றுக்குப் பயந்து தொழுகையை விடவும் வேண்டாம். நிற்க இயலாதவர் இருந்தும், இருக்க இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. சுகமாகும் வரை கதிரையிலிருந்து தொழுதால் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதிலிருந்து தப்பலாம்.

குளிசைகள் பற்றி...

சினறிசின், புரோகுளோர்பெரசின் போன்ற குளிசைகள் கடுமையான சுற்றையும் வாந்தியையும் ஓரிரு நாட்களுக்கு அடக்கும். துகள்களை அவை அகற்றமாட்டா. நீண்ட காலம் விழுங்கினால், சமநிலையைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் மூளையின் ஆற்றலை மந்தமாக்கும். வயதானவர்களுக்குக் கைநடுக்கம், நடை தளர்ச்சி போன்ற பார்க்கின்சன் அடையாளங்களையும் கொண்டு வரலாம். உங்கள் மூத்தம்மாவின் கை நடுங்கினால், வயது என்று விட்டுவிடாமல் அவர் எடுக்கும் குளிசைகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. தென்கொரியாவின் எட்டு வைத்தியசாலைகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், விற்றமின் 'டி' குறைந்தவர்களுக்கு அதையும் கல்சியத்தையும் கொடுத்தபோது, இந்தச் சுற்று திரும்ப வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வெயில் எரிக்கும் இக்கடற்கரையில் வாழ்ந்தாலும், வீட்டுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் பெண்களுக்கு இந்த விற்றமின் குறையலாம். சுற்று அடிக்கடி வந்தால் இதையும் வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டு முற்றத்தில் கொஞ்சம் இளவெயில் படுவதும் நல்லதே.

எல்லாச் சுற்றும் ஒன்றல்ல

பல மணிநேரம் சுற்றி, காது அடைத்து, இரைந்து, கேட்பதும் மங்கினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். இதற்கு உப்பைக் குறைக்கும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத நமக்கு இது கஷ்டம்தான்! காய்ச்சல், தடிமனுக்குப் பின் நாள்கணக்கில் சுற்றினால் காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு அந்நோயே சுற்றாகவும் வருவதுண்டு. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

சுற்றோடு பேச்சுக் குளறினால், வாய் கோணினால், கைகால் விளங்காமற் போனால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், என்றுமில்லாத தலையிடி வந்தால், எழுந்து நிற்கவே முடியாவிட்டால் அது பாரிசவாதமாக இருக்கலாம். ஓதிப் பார்ப்பதற்கும் இஞ்சி இடிப்பதற்கும் அது நேரமல்ல. உடனே 1990 இலக்கத்துக்குக் கூப்பிட்டு, இலவச அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மற்ற வேளைகளில் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவையானால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். "தலை சுத்துது டொக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, காது இரைகிறதா, கேட்பது குறைந்திருக்கிறதா, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் ஆகிய ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். சரியான நோயைக் கண்டுபிடிக்க வைத்தியருக்கு அந்தச் சிறு துண்டு பெரிய உதவியாக இருக்கும்.