உடைய வேண்டும், ஆனால் உடையக் கூடாது!

எதிராளியின் மேல் பட்டதும் உடைந்தாக வேண்டும். நம் கையில் இருக்கும் கருவிக்குள் உடையவே கூடாது. அது என்ன?

விடுகதை போடுவதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பிறந்து பல தேசங்களுக்கும் பரவியிருக்கும் 'பெயிண்ட்பால்' என்ற விளையாட்டில் சுடுகிற வர்ணப் பந்தின் சமாசாரம் இது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மீன் எண்ணெய் மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். வழவழவென்று, அமுக்கினால் சற்றே அமுங்கும். அதே சாதிதான் இந்தப் பந்தும். மேலே ஜெலட்டின் தோல். உள்ளே தண்ணீரில் கழுவினால் போய்விடும் வர்ணம். குறுக்களவு 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். இதைக் காற்றின் பலத்தால் விநாடிக்கு 280 அடி வேகத்தில், மிஞ்சினால் 300 அடி வேகத்தில், அனுப்புகிறது 'மார்க்கர்' என்ற கருவி. யார் சட்டையில் வர்ணம் தெறிக்கிறதோ அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

துப்பாக்கி என்று சொல்லாமல் மார்க்கர் என்பதற்குக் காரணம் உண்டு. காட்டிலாகாக்காரர்கள் மரத்துக்கு மரம் தூரத்திலிருந்தே அடையாளப் புள்ளி வைக்க உபயோகித்த கருவி இது. 1981-ஆம் வருஷம் ஜூன் 27-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹென்னிக்கர் என்ற ஊருக்கு அருகே பன்னிரண்டு பேர் அதை ஏந்திக்கொண்டு காட்டுக்குள் புகுந்தார்கள். அதுவே முதல் ஆட்டம். வென்றவர் யார் தெரியுமா? ஒரு பந்துகூடச் சுடாமல் ஓசையின்றி நடந்து எல்லாக் கொடிகளையும் எடுத்து வந்துவிட்ட ரிச்சி ஒயிட் என்பவர்!

அன்றைய 'நெல்ஸ்பாட் 007' மார்க்கரில் ஒரு முறை சுட்டால், கருவியைச் சாய்த்து அடுத்த பந்தை உருட்டிவிட்டுத்தான் மறுபடி சுட முடியும். கைக்குப் பொறுமை இருந்தது, பந்தும் பிழைத்தது. பின்னால் வந்தவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. மின்சார விசை வந்து, விநாடிக்குப் பத்து, பதினைந்து என்று சுட ஆரம்பித்தார்கள். வந்தது வினை.

கருவிக்குள் என்ன நடக்கிறது? மேலே ஒரு குடுவையில் பந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கீழே அறைக்குள் விழ வேண்டும். விழுந்ததும் 'போல்ட்' என்ற தண்டு உலக்கை மாதிரி முன்னே வந்து பந்தைக் குழலுக்குள் தள்ளும், காற்று பாயும். தன் குறுக்களவு தூரம் விழுவதற்கே பந்துக்கு விநாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரம் வேண்டும். விநாடிக்குப் பதினைந்து சுட்டால் ஒவ்வொரு சுடுதலுக்கும் கிடைப்பது நூற்றில் ஏழு பங்குக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி தண்டு போய் வருவதிலேயே கழிந்துவிடும். பந்து பாதி வாசலில் நிற்கும்போதே உலக்கை இடித்தால் என்ன ஆகும்? சட்டினிதான்!

உடைந்த வர்ணமும் தோலும் குழலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பந்து நேரே போகாது. இடமும் வலமுமாகத் திரும்பும், அல்லது அதுவும் உடையும். ஆட்டக்காரர் நிலை பரிதாபம். இதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. குழல் அடைத்துக்கொண்ட எரிச்சலில் சிலர் ஆடுகளத்தின் நடுவிலேயே முகக் கவசத்தைத் தூக்கிவிட்டுக் கருவியைக் கவனிக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கிருந்தோ வரும் பந்து கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். இந்த விளையாட்டில் நேரும் கொடிய காயங்கள் பெரும்பாலும் கவசம் அணியாத கண்ணுக்குத்தான். ஆகவே உடைசலைத் தடுப்பது வெறும் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல.

செப்பனிட இறங்குமுன் வர்ணம் எங்கே சிந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறைக்குள் என்றால், தண்டு அவசரப்பட்டிருக்கிறது. குழலில் மட்டும் என்றால், குற்றம் பந்தின் பருமனிலோ பதத்திலோ இருக்கலாம். இதைப் பார்க்காமல் பளபளப்பான நீளக் குழலை வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பல்வலிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது போலத்தான்!

அவசரத்துக்கு மருந்து மூன்று. ஒன்று, குடுவையை மாற்றுவது. பந்து தானாக விழட்டும் என்று காத்திராமல், மோட்டாரும் துடுப்புகளும் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். டிப்மன் கம்பெனியின் ஏ-5 மார்க்கரில் இதற்குப் பாட்டரிகூட வேண்டாம்; சுடும் காற்றில் ஒரு பங்கே பல் சக்கரத்தைச் சுழற்றிவிடும். இரண்டாவது, 'கண்' வைப்பது. அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாயும். பந்து முழுவதும் இறங்கி அந்தக் கதிரை மறைத்தால்தான் விசை வேலை செய்யும். அழுக்கேறினால் இந்தக் கண்ணுக்கும் பார்வை மங்கும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஆட்டோமேக்' மார்க்கரைச் செய்த டாம் கே என்பவர் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'லெவல் டென்' என்ற தண்டை வெளியிட்டார். கண்ணும் இல்லை, மின்சாரமும் இல்லை. தண்டு முதலில் மெதுவாக முன்னே வரும். பாதிப் பந்து தட்டுப்பட்டால் காற்று வெளியேறிவிடும், தண்டு பின்வாங்கிவிடும். தட்டில் கை வைத்துச் "சுடுகிறதே!" என்று இழுத்துக்கொள்ளும் குழந்தை மாதிரி! இந்த மனிதர் பிற்பாடு டைனோசார் எலும்புகளை ஆராயப் போய், 2008-ல் விஞ்ஞானக் கட்டுரை எழுதியது தனிக் கதை.

செலவில்லாத மராமத்தும் உண்டு. அறையின் வாசலில் சிறு ரப்பர் முனை ஒன்று பந்து முன்னே உருண்டு போகாமல் காவல் காக்கிறது. அது தேய்ந்தால் முதல் பந்து குழலுக்குள் நழுவிவிடும். பின்னால் இன்னொன்று வந்து நசுங்கும். மாற்றுவதற்கு அற்பக் காசு போதும்.

அப்புறம் பந்தின் பதம். மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப் போகிறதல்லவா? ஜெலட்டினும் ஈரத்தைக் குடித்து உப்பும். குளிரிலோ விறைத்து நொறுங்கும். ஒரே பக்கமாக வைத்தால் தட்டையாகும். ஊறுகாய் ஜாடியைக் குலுக்கி வைப்பது போலப் பையை அவ்வப்போது புரட்ட வேண்டும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் போடும் சிக்கனம் வேண்டாம். மண் துகள் குழலைக் கெடுக்கும்.

குழலுக்கும் பந்துக்கும் பொருத்தம் பார்க்க ஜோசியர் தேவையில்லை. பந்தைக் குழலின் பின்வாயில் வைத்தால் தானாக உருண்டு விழக் கூடாது. வாயால் ஊதினால் வெளியே வர வேண்டும். வராவிட்டால் இறுக்கம், ஊதாமலே விழுந்தால் தளர்ச்சி. கருவியிலிருந்து குழலைத் தனியே கழற்றி எடுத்த பிறகுதான் இப்படி ஊதிப் பார்க்க வேண்டும்.