குழாய் எந்தத் தெருவில் நிற்கிறது? ஓசூர் வட்டாரத்தின் கொடைக் குடிநீரும் சட்டமும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதனினும் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் பருகுவோருக்குப் பற்களில் கறை படிகிறது. பாதிப்பு முற்றினால் எலும்புகள் இறுகி, உடல் வளைகிறது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. போதாக்குறைக்கு, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்கிறது.

இதற்கு அரசு கண்ட தீர்வு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அமைந்த இத்திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 2013 மே மாதம் அது தொடங்கி வைக்கப்பட்டது. இந்தக் காவிரி நீர் போதிய அளவில் எட்டாத குடியிருப்புகளில்தான் கொடையாளர்கள் நுழைகின்றனர்.

தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் இத்தகைய கொடைக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பாதுகாப்பான குடிநீர் வழங்கல் அப்பணிகளுள் ஒன்று. நிறுவனம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவும் அப்பிரிவு வலியுறுத்துகிறது. ஆகவே, ஊருக்குள் வரும் ஆர்.ஓ. நிலையத்தை முதலாளியின் இரக்கமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அது சட்டக் கடமையின் விளைவாகவும் இருக்கலாம்.

சிக்கல் அதன்பின் தொடங்குகிறது. சட்ட ஆலோசனைக்காக நான் சென்ற ஓர் ஊராட்சியில், நன்கொடையாகக் கிடைத்த சுத்திகரிப்பு நிலையம் ஊர்த்தெருவின் கோயில் திடலை ஒட்டி நின்றது. காலனியைச் சேர்ந்த பெண்களிடம் கேட்டபோது, யாரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை என்றனர். ஆனால் ஊரார் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நிற்க வேண்டும். அதற்குள் சில நாள்களில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் பயனாளிகள் "அனைத்துப் பொதுமக்கள்". அன்றும் அவர்கள் குடித்தது பழைய ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான்.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த இடைவெளியை அண்ணல் அம்பேத்கர் முன்பே சுட்டிக்காட்டினார். பின்னாளில் ஹரிஜன சேவா சங்கமாகப் பெயர் மாறிய தீண்டாமை ஒழிப்புக் கழகத்தின் பொதுச் செயலாளர் தக்கருக்கு 1932 நவம்பரில் அவர் ஒரு கடிதம் எழுதினார். ஊர்க் கிணற்றில் நீர் எடுப்பது போன்ற குடிமை உரிமைகளைப் பெற்றுத்தரும் இயக்கமே கழகத்தின் முதற்பணியாக வேண்டும் என்பது அவரது வாதம். அது ஊர்களில் மோதலை உண்டாக்கும் என்பதை அறிந்தே அவர் அதை வலியுறுத்தினார்.

இன்று சட்டம் அந்த உரிமையை ஏற்றிருக்கிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 4ஆம் பிரிவு, பொதுமக்களில் ஒரு பிரிவினர் பயன்படுத்தும் எந்தக் கிணற்றையும் குழாயையும் தீண்டாமையின் பேரால் மறுப்பதைக் குற்றமாக்குகிறது. குழாயை அமைத்தது அரசா, தனியாரா என்ற பேதம் அங்கில்லை. அறக்கட்டளையின் பயனை மறுப்பதும் அதே பிரிவின்கீழ் குற்றமே. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் நீர்நிலைகளைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், அவர்கள் பயன்படுத்தும் நீராதாரத்தை அசுத்தப்படுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள்.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் எழுந்த அப்பா பாலு இங்களே வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. புதிய ஆழ்துளைக் கிணற்றில் தலித் மக்கள் நீரெடுப்பதை மிரட்டித் தடுத்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

ஆயினும், இச்சட்டங்கள் தண்டிப்பது குழாயடியில் நிகழும் தடுப்பைத்தான். குழாயையே எட்டாத இடத்தில் நிறுவும் முடிவு அவற்றின் பிடியில் எளிதில் சிக்குவதில்லை. சாதி இன்று சத்தமின்றிச் செயல்படுவது அந்த முடிவில்தான். எனினும், அதைக் கேள்வி கேட்க வழியுண்டு. ஊராட்சியின் நிலமோ, மின்சாரமோ, தீர்மானமோ இன்றி இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் அமைவதில்லை. ஊராட்சியின் கை பட்டவுடன் அரசமைப்புச் சட்டத்தின் 14, 15ஆம் உறுப்புகளும் உடன் வருகின்றன.

எனவே தோழர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. நிலையத்திற்கு இடம் ஒதுக்கிய தீர்மானம், பராமரிப்பு ஒப்பந்தம், நீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சியிடம் கேட்டுப் பெறலாம். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும். அது எத்தெருப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில், அடுத்த நிலையம் காலனியில் அமைய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். அங்கே அமைந்தால் ஊரார் வந்து நீர் பிடிப்பார்களா என்ற கேள்வியும் உடனே எழும். அக்கேள்வி சபையில் வெளிப்படையாக எழட்டும்; எழுந்தால் அதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் நமக்குத் தேவைப்படும் சான்று அதுவே.