வெயிலில் வரும் வெள்ளம்

திட்டக்குடிப் பிள்ளைகள் சிலர் இதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஒரு தூறல்கூட இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். ஆனால் காலையில் வெறும் மணலாகக் கிடந்த வெள்ளாற்றில் செந்நிறத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும். இங்கே பெய்யாத மழைக்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேற்கே பாருங்கள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஆத்தூர் வழியாக வசிஷ்ட நதி வருகிறது. கொல்லிமலைப் பக்கமிருந்து சுவேத நதி வருகிறது. இரண்டும் கூடித்தான் வெள்ளாறு. ஓட்டு வீட்டின் முகட்டில் விழும் மழை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எனப் பிரிந்து வழியுமல்லவா? மலை முகடும் அப்படித்தான் மழையைப் பிரிக்கிறது. ஓர் ஆற்றை நோக்கி வழியும் நிலம் முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆகவே சேலம் மாவட்டத்தில் நேற்று கொட்டிய மழை, இன்று திட்டக்குடிப் பாலத்தடியில் ஓடலாம்.

சரி, மலைக்கு மழை எப்படிப் போனது? ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். டம்ளர் ஒழுகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் இருந்த நீராவிதான் குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. வானத்திலும் இதுவே நடக்கிறது. வெயில் பட்டு வங்கக் கடல் நீர் ஆவியாகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அந்த ஆவியை நம் பக்கம் தள்ளிவருகிறது. காற்று மேலே எழ எழக் குளிரும். கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் மேல் ஏறும் காற்று குளிர்ந்து மேகமாகி மழையாக இறங்குகிறது.

நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும். கீழே கடலிலிருந்து புது ஈரக்காற்று உள்ளே பாயும். கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்து, மற்ற சூழலும் ஒத்துவந்தால் இது புயலாக வளர்ந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்த தானே புயல் இப்படி வளர்ந்ததுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்று 1 டிகிரி சூடானால், அதில் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவி தங்க முடியும். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து உண்டாகும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. அந்தக் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. எனவே பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் நாட்கள் கூடுகின்றன. கடலூர் மாவட்டம் 2015 நவம்பரில் பெருமழையால் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஏரி. தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்றைத் திருப்பி, கால்வாய் வழியாகக் கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரியை நிரப்புகிறார்கள். 1923-இல் கட்டி முடித்த ஏரி இது. அதன் முழு நீர்மட்டம் 29.72 அடி. ஆனால் மலையில் மரம் குறைந்தால் மழை நேராக மண்ணில் அறையும். கரைந்த மண் ஆற்றோடு வந்து ஏரியின் அடியில் வண்டலாகப் படியும். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை மண் பிடித்துக்கொள்ளும். ஆற்றில் வரும் அந்தச் செந்நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அது ஏதோ ஒரு மலைச்சரிவின் மேல்மண்.

ஆற்று மணலும் ஒரு ஏரிதான் என்பேன். கோடையில் மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரப்பது, மணல் துகள்களின் இடுக்கில் நீர் தங்கியிருப்பதால்தான். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும், கரையோரக் கிணறுகளும் வற்றும்.

வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கே நிலத்தடியில் இருக்கும் நல்ல தண்ணீர்தான் கடல்நீரை எதிர்த்து நிற்கிறது. ஆற்றில் நீர்வரத்துக் குறைந்து, கிணறுகளில் அதிகமாக இறைத்தால், கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே ஏறி, குடிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கும்.