செய்மதிப் படத்தில் எங்கள் காணி: எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினரின் காணிகள் இன்னும் விடுவிக்கப்படவில்லை. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி திறக்கப்பட்டபோதும் சுற்றியுள்ள காணிகள் எல்லாம் கிடைத்துவிடவில்லை. எனக்குத் தெரிந்த பலர் தங்கள் வளவைக் 'கூகுள் ஏர்த்'தில்தான் பார்க்கிறார்கள். கிணற்றையும் ஒழுங்கையையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, குறி வைத்து, பெயர் எழுதி முகநூலில் போடுகிறார்கள். பார்ப்பது நல்லது. பெயரோடு போடுவது பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

செய்மதிப் படம் யாரும் பார்க்கக்கூடியது. அமெரிக்காவின் லாண்ட்சட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர். தோட்டம் பற்றைக்காடானது தெரியும், வீடு தெரியாது. ஒரு மீற்றர் துல்லியம் கொண்ட முதல் வணிகச் செய்மதி 1999இல்தான் சுற்றுக்குச் சென்றது. ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடிந்த வீட்டை இதில் தேடிப் பயனில்லை.

பின்னர் நடந்தவற்றுக்கு இப்படங்கள் சாட்சி சொல்லும். 2009 மே 6ஆம், 10ஆம் திகதிகளின் படங்களை அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஒப்பிட்டது. முல்லைத்தீவுக் கரையில் மக்கள் தங்கியிருந்த கூடாரங்கள் பெருமளவில் இல்லாமற்போனதை அது வெளிப்படுத்தியது.

ஆனால் 30 சென்ரிமீற்றர் துல்லியமான படத்திலும் ஆளின் முகம் தெரியாது. இது யாருடைய காணி, அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்வது நாங்கள்தான். உரிமையாளர் வெளிநாட்டில் என்ற தகவலே கள்ள உறுதி முடிப்பவருக்கு உதவும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் நாமே பகிரங்கமாகப் போட்டுப் பலர் பிரதி எடுத்ததை எந்தச் சட்டமும் முழுதாக மீட்டுத்தராது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கணினியில் கூகுள் ஏர்த்தின் பழைய படங்களுக்குப் போங்கள். 2009 முதல் அந்த வசதி இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட திகதியும் அமைவிட எண்களும் தெரியும்படி சேமித்து, உறுதியின் பிரதியோடு வையுங்கள். சட்டத்தரணியிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கொடுங்கள். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒளிப்படத்திற்குள்ளும் இடம் பதிவாகலாம். கமரா அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். ஊரின் படத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். உறுதியையும் பெயரையும் தேவையானவருக்கு மட்டும் காட்டுங்கள்.